சம்பந்தியின் இரட்டைத் துண்டு

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியின்மீது பொறாமை கொள்ளலாகாது. அவர் சொல்லை முகத்துக்கு நேரே மறுப்பதும், அவர் இல்லாத இடத்தில் அவரைக் குறைத்துப் பேசுவதும் எங்கள் மலைநாட்டு வழக்கத்தில் மரியாதைக் குறைவாகவே எண்ணப்படும். முதலாவதை நான் ஒருபோதும் செய்ததில்லை. இரண்டாவதை ஒரே ஒரு முறை செய்தேன். நெஞ்சுக்குள் செய்ததற்கோ கணக்கே இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பீங்கான் துண்டின் காரணமாக இந்த வயதில் எனக்கு இந்நிலை வந்தது என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மஸ்கெலியா செல்லும் பாதையில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, ஒரு பழைய தேயிலை ஸ்டோர் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். என் உழைப்புக்காலம் முழுவதும் அக்கட்டடத்தினுள்ளேயே கழிந்தது. கொழுந்து வாட்டும் மாடியில் தொடங்கி, இறுதியில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் அல்லன் நான். மற்றதெல்லாம் ஹட்டன் நூலகத்தில் இரவலாகப் பெற்ற புத்தகங்களின் தயவு. தோட்டத்தார் கொழுந்தை வேறிடத்துக்கு அனுப்பத் தொடங்கியதும் ஸ்டோர் மூடப்பட்டது. பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிறிய நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. அன்டெனாக்களுக்கு வேண்டிய பீங்கான் துண்டுகளைச் செய்வது அவர்களது தொழில். கட்டடத்தின் மின்கம்பிகள் ஓடும் வழியும், கூரை ஒழுகும் இடங்களும் அறிந்தவன் என்பதால் ஓய்விலிருந்த என்னையே முதலில் அழைத்தார்கள்.

லொறி எங்கே நிற்கிறது, முச்சக்கரவண்டி எந்தத் திருப்பத்தில் போகிறது என்று கைபேசியில் காட்டும் கருவியைப் பலரும் இப்போது கண்டிருப்பார்கள். அக்கருவிக்குள் வானத்திலிருந்து வரும் அலையைப் பிடிப்பது ஒரு சிறு பீங்கான் துண்டுதான். அலை பீங்கானுக்குள் நுழைந்ததும் அதன் நடை தளர்கிறது. நடை தளர்ந்ததைப் பிடிக்கச் சிறிய இடமே போதும். எங்கள் பொறியியலாளர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே அழைப்போம். அவர் எனக்கு இதை விளக்கிய விதம் இன்றும் நினைவில் இருக்கிறது.

“மிஸ்ட்ல, பனிமூட்டத்துல, பஸ் மெதுவா போகும்தானே, ஐயா? அந்த மாதிரி.”

பசை சேர்த்துக் குருணையாக்கிய தூள் பீப்பாய்களில் வந்து இறங்கும். அதை எஃகு அச்சில் நிரப்பிப் பிரஸ்ஸால் அழுத்தினால் சுண்ணக்கட்டி போன்ற, இன்னும் சுடாத பச்சைத் துண்டு கிடைக்கும். கையில் சற்றே அழுத்திப் பிடித்தாலும் அது பொடிந்துவிடும். அதைச் சூளையில் வைத்துச் சுட்டால் சுருங்கி, இறுகி, கல்லாகிவிடும். பின்னர் இருபுறமும் வெள்ளிப் பூச்சுப் பூசி, மிஸ் தம் மேசையிலுள்ள கருவியில் சோதிப்பார். அந்தப் பிரஸ் என் பொறுப்பில் இருந்தது. தேயிலை ஸ்டோரில் எத்தனையோ மேலதிகாரிகளுக்குக் கீழே நின்றவன் நான். இங்கே ஓர் அறையும், ஓர் இயந்திரமும், அதன்முன் ஒரு சுழல் ஸ்டூலும் எனக்கே உரியனவாக இருந்தன. என் மகள் தன் அக்கம்பக்கத்தாரிடம், “எங்கப்பா அன்டெனா செய்றாரு” என்று சொல்வதாகக் கேள்விப்பட்ட நாளில் நான் இரண்டு முறை முகம் மழித்துக்கொண்டேன்.

என் மகளை ராகலையில் மரக்கறி பயிரிட்டவரின் மகனுக்குக் கொடுத்திருந்தோம். மருமகனுக்கு ஹட்டன் நகரத்தில் வேலை. மனைவி மறைந்தபின் சம்பந்தி தோட்டத்தைத் தம் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மகனோடு வந்து தங்கினார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு நாள் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, மாமாவுக்கும் அங்க ஒரு வேல பாத்துக் குடுங்கப்பா. வீட்டுல ஒக்காந்து என் சமையலுக்கு மார்க்கு போடுறாரு.”

“தூக்குற வேலதாம்மா இருக்கு.”

“அவரு கெழங்கு மூட்ட தூக்கியே வளந்தவருப்பா.”

நானே மிஸ்ஸிடம் சொன்னேன். அவரை வாசலில் நின்று வரவேற்று, உள்ளே அழைத்துச் சென்று, ஒவ்வோர் அறையாகக் காட்டியவனும் நானே. பீப்பாய் உருட்டும் வேலையில் சேர்ந்தவர், சில வாரங்களுக்குள் எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். நுவரெலியாச் சந்தையில் பேரம் பேசிப் பழகிய அவருடைய சிங்களம் தங்குதடையின்றி ஓடும். நான் ஒரு சிங்கள வாக்கியத்தை மனத்தில் இலக்கணத்தோடு அடுக்கி முடிப்பதற்குள் அவர் மிஸ்ஸைச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார். அவர் கொண்டுவரும் மதிய உணவு என் மகள் கட்டிக் கொடுத்தது. அதைத் திறந்து, “ஒங்க மக கைப்பக்குவம், எடுத்துக்குங்க சம்பந்தி” என்று எனக்கே உபசாரம் செய்வார். நான் பெற்ற மகளின் சோற்றை அவர் கையால் வாங்கி உண்ண வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் இரட்டைத் துண்டு வந்தது. வாங்குபவர்கள் இனி ஒரே பொருளால் ஆன துண்டு போதாது என்றார்களாம். நடுவில் கனமான தூள், அதைச் சுற்றி வளையமாக இலேசான தூள். இரண்டும் ஒட்டி ஒரே கல்லாகச் சுடப்பட வேண்டும். அலை நடுப்பகுதியில் மிக மெதுவாகவும் ஓரத்தில் சற்று வேகமாகவும் நடந்தால் அன்டெனா இன்னும் அகலமாகக் கேட்கும் என்றார் மிஸ். பச்சையாக இருக்கும்போது பார்வைக்கு இரண்டு தூள்களும் ஏறக்குறைய ஒரே வெண்மை. சுட்ட பிறகே நடுத்தூள் பழுப்பேறும்.

“ரெண்டு தூளும் கலக்க வேணாம், ஐயா. இது ரொம்ப முக்கியம்” என்று மிஸ் பல முறை சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டாவது ஸ்டூல் ஒன்றையும் கொண்டுவரச் செய்து, சம்பந்தியையும் பிரஸ்ஸில் பழக்குமாறு கேட்டுக்கொண்டார். இருவரும் தனித்தனித் தட்டுகளில் செய்து பார்க்க வேண்டும். யாருடைய துண்டு தேறுகிறதோ அவரிடம் பிரஸ் நிரந்தரமாக ஒப்படைக்கப்படும். மற்றவருக்கு வேறு வேலை. இதை அவர் மிகவும் பணிவாகவே சொன்னார். எனக்கோ, என் வீட்டுக்குள் இன்னொருவருக்குப் பாய் விரித்ததுபோல் இருந்தது.

வேலை இப்படி நடக்கும். அச்சுக்குள் மெல்லிய உலோகக் குழல் ஒன்றை நிறுத்தி, அதனுள்ளே கனத்தூளையும் வெளியே இலேசுத்தூளையும் நிரப்ப வேண்டும். பிறகு குழலை மேலே உருவிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். குழலை நேராக இழுத்தால் இரண்டு தூள்களின் எல்லை சரிந்துவிடும். சூளையில் அந்த எல்லையில்தான் வெடிப்பு விழும். சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே உருவினால் எல்லை நிற்கும் என்பதைக் கண்டுபிடித்தவன் நான். அரை நாளைக்குள் சம்பந்தியின் மணிக்கட்டும் அதே போலச் சுழலத் தொடங்கியது.

“நல்லாத்தான் இருக்கு இந்தத் திருகு” என்றார்.

“அது என்னோட திருகுங்க சம்பந்தி.”

“அதான சொல்றேன், நல்லாருக்குன்னு!”

ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் மேசையில் சிந்திய தூளைத் துடைக்க வேண்டும். நான் சிறு தூரிகையால் வழித்து, வளையத்துக்குரிய பாத்திரத்தில் திரும்பச் சேர்ப்பேன். தேயிலையில் வீண் என்று ஒன்று கிடையாது. தரையில் விழுந்ததைக் கூட்டிச் சலித்தால் அதற்கும் ஒரு தரம் உண்டு. சல்லடை மாற்றியதும் முதலில் விழும் கைப்பிடியைக் குவியலிலேயே திரும்பப் போடுவோம். ஒரு கைப்பிடித் தேயிலையை எறிந்தவனை, ஸ்டோரின் தலைவரான டீமேக்கர் ஸ்டோருக்குள் வைத்திருக்கமாட்டார். சம்பந்தியோ சிந்தியதையெல்லாம் ஒரே வீச்சில் கழிவு வாளிக்குள் தள்ளினார். அவர் வாளி நிறைய நிறைய எனக்கு உடம்பு எரிந்தது.

“அத்தனையும் கொட்டிப்புட்டீங்களே சம்பந்தி!”

“லீக்ஸ் புடுங்குனா பாதி தோட்டத்துலயே கெடக்குங்க. டவுனுக்கு ஏறுறது வெள்ளத் தண்டு மட்டுந்தான். கழிக்கிறதக் கழிச்சாத்தான் சரக்கு.”

“இது லீக்ஸ் இல்லைங்க.”

“தேயிலையும் இல்லைதானுங்களே” என்று சொல்லிவிட்டு, “என்னாங்க, கண்டாக்கையா மாதிரி மொறைக்கிறீங்க?” என்று, என்னைத் தோட்டத்துக் கண்காணிப்பு அதிகாரியாக்கி, வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையில் வெள்ளிப் பூச்சுப் பூசும் பெண்களும் சிரித்தார்கள்.

அன்று மாலை நான் மிஸ்ஸிடம் தனியாகச் சென்று, தூள் பெருமளவில் வீணாகிறது என்று கூறினேன். பெயர் சொல்லவில்லை. பிரஸ் அறையில் இருந்ததே இருவர், பெயர் எதற்கு? அவர் தலையசைத்துக்கொண்டார். அவ்வளவே.

சூளை திறந்த காலையில் என் தட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை. என் துண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஓரங்கள் வெட்டியெடுத்தவைபோல் கூர்மையாக இருந்தன. சம்பந்தியின் தட்டில் சில வெடித்திருந்தன. சிலவற்றின் ஓரம் உதிர்ந்திருந்தது. அவர் அவற்றைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, “ஒங்களது சாமி செல மாதிரி இருக்குங்க” என்றார். தோற்கிறவர் வாயால் வரும் புகழ்ச்சி எவ்வளவு இனிமையானது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த இனிமை வெள்ளி பூசி உலரும்வரை நீடித்தது.

மிஸ்ஸின் கருவியில் ஒரு கோடு ஓடும். நல்ல துண்டாக இருந்தால் அந்தக் கோடு குறித்த இடத்தில் பள்ளமாக இறங்கும். சம்பந்தியின் முழுமையான துண்டுகள் ஒவ்வொன்றும் அந்த இடத்தில் கிணறுபோல் இறங்கின. என் துண்டின் பள்ளம் இடப்புறமாக விலகி, ஆழமின்றி நின்றது. அடுத்ததும் அவ்வாறே. அதற்கடுத்தது இன்னும் விலகியது. மிஸ் என் துண்டு ஒன்றை அறுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, என்னை அழைத்துக் காட்டினார். வெள்ளை வளையம் முழுவதும் பழுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன.

“இது எப்படி, ஐயா?”

நான் நிமிர்ந்து நின்று, சற்றே பெருமையோடு, “நான் ஒரு குருணையும் வீணாக்கல, மிஸ். மேசையில சிந்துனத எல்லாம் வழிச்சுத் திரும்பச் சேத்துட்டேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பீப்பாயோடு பீப்பாயைக் கலப்பதுதான் கலப்பு என்று நான் எண்ணியிருந்தேன். மேசையில் சிந்தியதைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் ஒழுங்கு. மிஸ் சம்பந்தியின் கழிவு வாளியைக் காட்டி, சிந்திய தூளில் இரண்டும் கலந்திருக்கும் என்றும், ஒரு சிட்டிகை போதும் அலையின் நடையை மாற்ற என்றும் மெதுவாக விளக்கினார். நான் எவரைப் பற்றிப் புகார் சொன்னேனோ அவருடைய வாளியே சரியாக இருந்தது. சம்பந்தி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

பிரஸ் சம்பந்திக்குப் போயிற்று. தேயிலை உலர்த்தும் வெப்பத்தோடு பழகியவன் என்பதால் என்னைச் சூளைக்குப் பொறுப்பாக்கினார்கள். பச்சைத் துண்டுகளைத் தட்டுகளில் அடுக்குவதும், பசை எரிந்து வெளியேறும்வரை வெப்பத்தை மெல்ல ஏற்றுவதும், சுட்டபின் அவசரமின்றி ஆற விடுவதும் அறிவு வேண்டும் வேலைதான். ஆனால் நான் சுட்டவை அனைத்தும் அவருடைய துண்டுகள். அவற்றில் ஒன்று வெடித்தாலும் எனக்கு மனத்துக்குள் ஒரு சிறு விளக்கு எரியும். பழி என்னையே சேரும் என்பது நினைவுக்கு வந்ததும் அணைந்துவிடும். ஆகவே என் நலத்துக்காகவே அவருடைய வெற்றியைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தேன். இதைவிடக் கொடிய வேலையை ஒரு பொறாமைக்காரனுக்குக் கொடுக்க முடியாது.

ஒருமுறை துண்டு வாங்குபவர்கள் வந்தார்கள். மிஸ் அவர்களைப் பிரஸ் அறைக்கு அழைத்துச் சென்று சம்பந்தியைக் காட்டினார். அவர் குழலைச் சுழற்றி உருவிக் காட்டினார். “ஹரிம ஹொந்தாய்!” என்று அவர்கள் பாராட்டினார்கள். சம்பந்தி உடனே சூளைப் பக்கம் கையை நீட்டி, இந்தத் திருகு என் சம்பந்தி கண்டுபிடித்தது, நான் பார்த்துப் பழகியவன் மட்டுமே என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். திருடியதை மறைத்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

வீட்டில் என் மனைவிக்கு இவையெல்லாம் வேடிக்கை.

“பொண்ணக் குடுத்தப்ப அழாத மனுசன், மிசினக் குடுத்துட்டு அழுவுறீங்களே.”

“அழுவல.”

“சோத்த பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க. அதுவும் அழுகதான்.”

மகள் அழைக்கும்போதெல்லாம் ‘மாமாவோட துண்டு’ பற்றியே பேச்சு. மாமாவோட துண்டு கப்பலில் போகிறதாம். மாமாவோட துண்டைப் படம் பிடித்து மருமகன் கைபேசியில் வைத்திருக்கிறாராம். சுட்டது யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராகலையில் அவர்களது குலக்கோயில் திருவிழா வந்தது. சம்பந்தி பத்து நாள் விடுப்பில் போனார். மிஸ் என்னிடம், “இந்தக் கிழமை ஐயா பிரஸ் செய்யுங்க. இப்போ சூளை மூட்ட வேணாம், துண்டுகள சேத்து வைங்க, கடைசில சுடுவோம்” என்றார். நான் அமைதியாகத் தலையசைத்துவிட்டுப் பிரஸ் அறைக்குள் சென்று, கதவைச் சாத்தி, குள்ளமான அவருடைய உயரத்துக்கு இறக்கியிருந்த ஸ்டூலை என் உயரத்துக்குத் திருகி ஏற்றினேன்.

அந்த வாரம் நான் சிந்தியதை எறிந்தேன். எறிவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. தூரிகை தானாகவே பாத்திரத்தின் பக்கம் திரும்பும். அதை நிறுத்தி, வாளியின் பக்கம் திருப்புவேன். துண்டுகளை நானே அடுக்கி, நானே சுட்டு, நானே ஆறவிட்டு எடுத்தேன். ஒன்றிலும் வெடிப்பில்லை. மிஸ் கருவியில் வைத்ததும் கோடு குறித்த இடத்தில் இறங்கியது. அதன்மேல் அவர் சம்பந்தியின் பழைய துண்டு ஒன்றின் கோட்டையும் வரவழைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன.

“பாருங்க ஐயா, ஒரே மாதிரி!”

அவர் மகிழ்ந்து சொன்னார். என்னுடையது சற்றேனும் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இல்லை. ஆயினும் துணிந்து, பிரஸ்ஸை இனி என்னிடமே விட இயலுமா என்று கேட்டேன்.

“பிரஸ் ரெண்டு பேரும் செய்றீங்க, ஐயா. சூளை ஐயா மட்டுந்தானே செய்றீங்க. அத யாருக்குக் குடுக்கிறது?”

பிழையால் இழந்த இடத்தைத் திறமையால் மீட்க முடியாது என்று எந்த நூலிலும் நான் படித்திருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மகள் அழைத்தாள். “அப்பா, நீங்களும் மாமா மாதிரியே செஞ்சுட்டீங்களாமே!” என்றாள். மாமா மாதிரியே. நான் தொலைபேசியை வைத்துவிட எண்ணிய கணத்தில் அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

“மாமா பண்ணுன கூத்து தெரியுமா? ராகலைல இருந்து தெனமும் இவருக்குப் போன். ‘சம்பந்தி துண்டு என்னாச்சு, கேட்டியா, மிஸ் என்னா சொன்னாங்க’ன்னு. சாமி தூக்குறப்பகூட ஒரு கையில போனு! பாஸாயிருச்சுன்னு சொன்னதும் போன வச்சுட்டாராம். நாளைக்கே கெளம்பி வர்றாராம்.”

“திருவிழா முடிய இன்னும் நாள் இருக்கேம்மா?”

“இருக்குதான். அவருக்கு இருப்புக் கொள்ளலப்பா.”

நான் மனைவியை அழைத்து இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டேன். “என்னா, மொகம் தெளிஞ்சிருக்கு?” என்றாள். மழை விட்டிருக்கிறது என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே சம்பந்தி வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, கண்ணில் உறக்கமில்லை. என்னை வணங்கிவிட்டு, பிரசாதம் கொடுத்துவிட்டு, பிரஸ் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அச்சைத் தொட்டார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“துண்டெல்லாம் எப்புடிங்க வந்துச்சு?” என்றார், எதுவும் அறியாதவர்போல.

“ஏதோ வந்துச்சுங்க சம்பந்தி” என்றேன் நான், எதுவும் அறியாதவன்போல.

அவர் ஸ்டூலில் அமர்ந்தார். கால்கள் தரைக்கு எட்டவில்லை. எழுந்து, அதைத் திருகி இறக்கத் தொடங்கினார். நான் இறுக்கமாகத்தான் ஏற்றியிருந்தேன். அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை. சூளையின் அருகே நின்று, திருவிழாவில் கூட்டம் எப்படி என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.